வலது காதுக்கு வேண்டிய குரல்

தவமணி, என் தங்கச்சிக்கு,

முதலில் உறுதியான செய்தி. நேற்று மாலை நாலரை மணிக்கு, முனிச்சாலையில் ரேணுகா வீட்டுக் கணினியில், நீ திருத்தி வைத்த தமிழ்க் குரல் புதிய பதிப்பில் பேசியது. தகவல் தந்தவள் ரேணுகா. அவள் சொன்னதை மட்டும் வைத்து எழுதவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, அவளுடைய இயர்போனில் ஒரு பக்கத்தை வாங்கி நானும் கேட்டேன். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவளுக்கு எல்லாம் புரிந்தது.

"உங்களுக்குப் புரியலைன்னா சரியாத்தான் ஓடுதுண்ணே" என்றாள்.

நீ இருந்தால் எந்த வேகத்தில் வைத்துக் கேட்டாள் என்றுதான் முதலில் விசாரித்திருப்பாய். எப்போதும் வைக்கிற வேகம்தான். அளவின் உச்சிக்கு இரண்டு படி கீழே. என் காதுக்கு அது எண்ணெயில் கடுகு வெடிக்கிற சத்தமாகத்தான் இருந்தது.

இந்தக் கடிதம் நான் வேலை செய்யும் பத்திரிகையில் வரப்போகிறது, உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்ல வேண்டிய இடங்கள் வரும். பொறுத்துக்கொள்.

நீ பிறந்தபோதே உனக்குப் பார்வை இல்லை. எழுமலையில் நம் வீட்டில் கொஞ்ச காலம் அதுவே பேச்சாக இருந்தது. நீ பேசத் தொடங்கியதும் அந்தப் பேச்சு நின்றது. உன் வாய்க்குப் பதில் சொல்லவே நேரம் போதவில்லை என்று அம்மா சொல்வாள். படித்தாய், மதுரைக்கு வந்தாய், அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தரானாய். பசுமலையில் வாடகை வீடு. அலுவலகம் விட்டு வந்தபின், உனக்கு அதைவிட முக்கியமான இன்னொரு வேலை இருந்தது.

பார்வையில்லாதவர்கள் கணினியில் வேலை செய்ய, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்று இருக்கிறது. அதற்குள் குரலைத் தருவது இன்னொரு மென்பொருள், குரல்பொறி. பல நாட்டுத் தன்னார்வலர்கள் சேர்ந்து இலவசமாகச் செய்த ஒரு குரல்பொறியில் தமிழும் இருந்தது. மெதுவாக ஓடினால் நன்றாகவே பேசும். வேகம் கூட்டினால் சொற்களின் வாலை விழுங்கிவிடும். நீ அந்த வால்களை மீட்டுக்கொண்டிருந்தாய். எந்த ஒலி எவ்வளவு நேரம் நீள வேண்டும் என்று ஒரு கோப்பில் எண்கள் இருக்குமாம். ஓர் எண்ணை மாற்றுவாய், கேட்பாய், மறுபடி மாற்றுவாய். ஆறு வருடம் இதைச் செய்தாய்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் நீ முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருப்பாய். காதில் இயர்போன் இருக்கும். உனக்குக் கீரை மேல் அவ்வளவு ஆசையா என்று ஒருமுறை கேட்டேன்.

"சும்மா உக்காந்து கேட்டா எல்லாக் குரலும் நல்லாத்தான்ணே இருக்கும்" என்றாய். "கை வேற வேலை பாக்கணும். அப்பவும் காதுல ஏறணும். ஆபீஸ்ல நாங்க அப்படித்தான கேக்குறோம்."

"அதுக்கு ஏன் தகர டப்பாக்குள்ள உக்காந்து பேசுற மாதிரி ஒரு குரல்? மனுசக் குரலா ஒண்ணு வச்சுக்கிட்டா என்ன?"

"உங்க பேப்பரை அழகான கையெழுத்துலயா போடுறீங்க? அச்சுலதான போடுறீங்க. எனக்கு இது அச்சு."

அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். உன் பக்கத்தில் உட்கார்ந்து, அந்த இயர்போனை வாங்கி ஒருமுறைகூட என் காதில் வைத்துப் பார்க்கவில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது.

ரேணுகாவை உன் வீட்டில் இரண்டு மூன்று முறை பார்த்திருக்கிறேன். சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். அவளுக்கும் பார்வை இல்லை. தனியார் மருத்துவமனை ஒன்றில் பதினோரு வருடமாகத் தொலைபேசி விசாரணைப் பிரிவில் இருக்கிறாள். எந்த டாக்டர் எப்போது வருவார், டோக்கன் உண்டா, எந்த மாடி என்று கேட்கிறவர்களுக்குக் கணினியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இடது காதில் கூப்பிடுகிறவர், வலது காதில் உன் குரல். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டு வாயால் பதில் சொல்வாள், கையால் தட்டச்சு செய்வாள். நீ திருத்தியதை அவ்வப்போது பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாய். அதைத்தான் அவள் அலுவலகத்தில் வைத்திருந்தாள். அந்தத் தன்னார்வலர் குழுவுக்கு மட்டும் நீ அனுப்பவில்லை. போன் நம்பரைப் படிப்பது இன்னும் சரியாகவில்லை, சரியாகட்டும், அனுப்புகிறேன் என்று தள்ளிக்கொண்டே போனாய்.

உறுதியாகும்வரை வெளியிடாதே என்று நான் வீட்டில் அடிக்கடி சொன்னதை நீ இதற்கும் எடுத்துக்கொண்டாயோ?

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. பசுமலை வீட்டைக் காலி செய்தது நானும் உன் அண்ணியும். பாத்திரங்களை அவள் எடுத்துவைத்தாள். உன் மடிக்கணினியை நான் எடுத்தேன். மேசையில் வைத்துப் பொத்தானை அழுத்தினேன். கம்பெனிச் சின்னம் வந்தது. பிறகு திரை கறுத்தது. சத்தம் ஏதும் இல்லை. ஐந்து நிமிடம் காத்திருந்தேன். மூன்று முறை அணைத்துப் போட்டேன். அதே கறுப்பு. பழுதாகிவிட்டது என்று பீரோவில் வைத்துவிட்டேன்.

போன மாதம் உன் அண்ணி, அதைப் பார்வையற்றோர் பள்ளி எதற்காவது கொடுக்கலாமே என்றாள். ஓடாத பொருளை எப்படிக் கொடுப்பது? மேலமாசி வீதிக்குப் பின்னால் மாடியில் கடை வைத்திருக்கும் பாண்டியிடம் கொண்டுபோனேன். எங்கள் அலுவலகக் கணினிகளைப் பல காலம் பார்த்தவர். அவரும் பொத்தானை அழுத்தினார். சின்னம் வந்தது, கறுத்தது. வேறொரு திரையை இணைத்துப் பார்த்தார். அதுவும் கறுப்பு.

"டிஸ்ப்ளே நல்லாத்தான் இருக்கு சார். விண்டோஸ் போயிருச்சு. ஸ்பீக்கரும் செத்துக் கிடக்கு. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போட்டா ஓடும். உள்ள ஏதும் வேணுமா?"

நான் யோசித்தேன். உன் படம் ஏதாவது இருக்குமா என்று ஒரு கணம் தோன்றியது. நீ எதற்குப் படம் வைத்திருக்கப் போகிறாய் என்று அடுத்த கணம் தோன்றியது.

"ஒண்ணும் வேணாம் பாண்டி. அழிச்சிருங்க" என்றேன்.

எழுத எனக்குக் கூசுகிறது. ஆனால் சொன்னது அதுதான்.

வேலை அதிகம் என்று பாண்டி நாலு நாள் தள்ளிப்போட்டார். ஐந்தாம் நாள் மத்தியானம் ரேணுகா கூப்பிட்டாள்.

"அண்ணே, அக்கா லேப்டாப் உங்ககிட்டதான இருக்கு?"

"கடையில இருக்கும்மா. கெட்டுப்போச்சு."

"என்ன கெட்டுப்போச்சு?"

"ஸ்க்ரீனே வரல. சத்தமும் இல்ல. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசாப் போடணுமாம்."



"அழிச்சுட்டாங்களா?"

"இன்னைக்குச் செய்யுறேன்னாரு."

"அண்ணே, கடைக்காரருக்கு ஒரு போன் போட்டு அதைத் தொட வேணாம்னு சொல்லுங்க. நான் பர்மிஷன் போட்டுட்டு வாரேன். என்னை வந்து கூட்டிட்டுப் போங்க."

பாண்டிக்கு நாலு முறை அடித்தேன். எடுக்கவில்லை. ஆட்டோ பிடித்து மருத்துவமனை வாசலில் ரேணுகாவை ஏற்றிக்கொண்டு போனேன். நெரிசலில் வண்டி ஊர்ந்து போய்ச் சேர்வதற்குள் அவள் கதை முழுவதையும் சொல்லிவிட்டாள்.

இரண்டு மாதத்துக்கு முன் மருத்துவமனையில் எல்லாக் கணினிகளிலும் மென்பொருளைப் புதுப்பித்திருக்கிறார்கள். திரை படிக்கும் மென்பொருளும் புதிய பதிப்பாகிவிட்டது. நீ கொடுத்த குரல் பழைய பதிப்புக்காகக் கட்டியது. புதியது அதைச் சேர்த்துக்கொள்ளவில்லை. குரல்பொறியோடு வந்த திருத்தாத தமிழ், வேகத்தில் பழையபடி வாலை விழுங்கியது. கணினிப் பிரிவில் இருந்தவர்கள் நல்ல மனதோடு, விலை கொடுத்து வாங்கும் ஒரு பெண் குரலைப் போட்டுக் கொடுத்தார்கள்.

"ரேடியோல பேசுற அம்மா மாதிரி இருக்கும்ணே. அம்புட்டு இனிப்பு. எங்க சூப்பர்வைசர் வந்து நின்னு கேட்டுட்டு, இப்பத்தாம்மா மனுசன் பேசுற மாதிரி இருக்குன்னு சந்தோசப்படுறாரு."

"நீ என்ன சொன்ன?"

"நல்லாத்தான் சார் பேசுது, அது பேசி முடிக்கிறதுக்குள்ள பேஷண்ட் போனை வச்சுட்டுப் போயிர்றாருன்னு சொன்னேன். வேகத்தைக் கூட்டுனா அந்தம்மாவுக்கு மூச்சு வாங்குதுண்ணே. தொண்டையில துணியைத் திணிச்ச மாதிரி ஆயிருது."

அவள் எடுக்கும் அழைப்புகள் குறைந்தன. காத்திருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். இந்த மாதக் கடைசி வரை பார்க்கிறோம், முடியாவிட்டால் கீழே வரவேற்பில் உட்காரவைக்கிறோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

"அங்க என்ன வேலை?" என்று கேட்டேன்.

"உக்கார்ற வேலை. சம்பளம் குறையாது. ஏற்கெனவே ரெண்டு பேர் அங்க இருக்காங்க, கண்ணு தெரிஞ்சவங்க. அவங்க பதில் சொல்லுவாங்க. நான் வாரவங்களுக்கு வணக்கம் சொல்லலாம். பதினோரு வருசமா லைன் எடுத்திருக்கேண்ணே. இனிமே பூச்சாடி மாதிரி இருன்னு சொன்னா எப்படி இருக்கிறது?"

உன் குரலைப் புதிய பதிப்புக்காகத் திரும்பக் கட்ட முடியும் என்றாள். திருச்சியில் இருக்கும் உன் நண்பர், அவரும் பார்வையில்லாதவர், மென்பொருள் எழுதுகிறவர், செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் அவருக்கு உன் மூலக் கோப்புகள் வேண்டும். பென்டிரைவில் இருந்தவை கட்டி முடித்த பிரதிகள். மூலம் உன் மடிக்கணினியில் மட்டும்தான்.

"இதை ஏம்மா ரெண்டு மாசமா எங்கிட்டச் சொல்லல?"

"துக்க வீட்டுல வந்து அவங்க சாமானைக் கேக்குறதான்னு இருந்துச்சுண்ணே."

மாடி ஏறும்போது அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். படிகளை மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தாள் என்று நினைக்கிறேன். கதவைத் திறந்ததும் பாண்டி தலை நிமிர்ந்தார். உன் மடிக்கணினி அவர் முன்னால் விரிந்திருந்தது. பக்கவாட்டில் ஒரு பென்டிரைவ் செருகியிருந்தது.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க சார். இப்பத்தான் ஆரம்பிக்கலாம்னு..."

"கைய எடுங்கண்ணே" என்றாள் ரேணுகா.

பாண்டி உண்மையிலேயே இரண்டு கையையும் தூக்கிவிட்டார். அவளை ஸ்டூலில் உட்காரவைத்தேன். பென்டிரைவைப் பிடுங்கச் சொன்னாள். கைப்பையிலிருந்து தன் இயர்போனை எடுத்து, மடிக்கணினியின் ஓரத்தைத் தடவிச் செருகினாள். பொத்தானை அழுத்தினாள். சின்னம் வந்தது. திரை கறுத்தது.

"பாத்தீங்களாம்மா? இதான் பிரச்சினை" என்றார் பாண்டி.

அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். விரல்கள் விசைகளின் மேல் ஓடத் தொடங்கின. பிறகு நின்றன. சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

"ஓடுதுண்ணே. எல்லாம் இருக்கு. ஒண்ணும் போகல."

"என்னம்மா ஓடுது? ஸ்க்ரீனே இல்லையே" என்றார் பாண்டி.

"ஸ்க்ரீனை அக்காவே மூடி வச்சிருக்காங்க. எங்களுக்கு அது எதுக்கு?"

ஒரு விசையை இன்னொன்றோடு சேர்த்து அழுத்தினாள். திரை வெளிச்சமானது. நீல நிறப் பின்னணியில் வரிசையாக உன் கோப்புகள் இருந்தன. திரை படிக்கும் மென்பொருளிலேயே அப்படி ஒரு வசதி உண்டாம். குரல் ஓடும், திரை கறுப்பாகவே இருக்கும். ஸ்பீக்கர் எப்போதோ கெட்டதை நீ மாற்றவே இல்லை, இயர்போன் போதும் என்று இருந்துவிட்டாய். நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்த ஒன்றைத்தான் நாங்கள் இருவரும் செத்துப்போனது என்று முடிவுகட்டியிருக்கிறோம்.

"இருபது வருசம் இந்தத் தொழில்ல இருக்கேன் சார். இப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது" என்றார் பாண்டி. பாவம், அவர் முகம் வாடிவிட்டது.

"நீங்க பொழைக்கிறது ஸ்க்ரீன்லண்ணே. உங்களைக் குத்தம் சொல்ல முடியுமா?" என்றாள் ரேணுகா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "ஆனா நீங்க, எங்க ஆளுக ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

கேட்டிருக்கலாம். ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து எழுதாதே, இன்னொருவரிடம் சரிபார் என்பதைத்தான் இத்தனை வருடமும் தொழிலாகச் செய்தேன். உன் மடிக்கணினியையும் இரண்டு பேர் சரிபார்த்தோம். இரண்டு பேரும் கண்ணை மட்டும் நம்புகிறவர்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

நீ ஏன் திரையை மூடி வைத்தாய் என்று அவளிடம் கேட்டேன். முதுகுக்குப் பின்னால் நின்று படிக்கிறவர்களுக்காக என்றாள். அலுவலகத்தில், பேருந்தில், யார் நிற்கிறார்கள் என்று பார்வையில்லாதவர்களுக்குத் தெரியாது. கடவுச்சொல்கூட நீ வைக்கவில்லையாம். "இருட்டுல எவன் வந்து திருடுவான்னு சொல்லுவாங்க" என்றாள். உன் வீட்டுக்கு வந்தபோதெல்லாம் அந்தத் திரை கறுப்பாகத்தான் இருந்திருக்கும். அதை நான் ஒருமுறையும் கவனிக்கவில்லையே, தவம். நீ உருவிய கீரையைப் பார்த்திருக்கிறேன்.

உன் ஃபோல்டருக்குள் 'மிச்சம்' என்று ஒரு கோப்பு இருந்தது. யார் என்ன குறை சொன்னார்கள், அது சரியாயிற்றா என்று வரிசையாக எழுதி வைத்திருந்தாய். ரேணுகா கேட்டுக் கேட்டுத் திருப்பிச் சொன்னாள். நான் திரையில் தொடர்ந்து படித்துக்கொண்டிருந்தேன். பாண்டி வேறு வேலை பார்ப்பதுபோல் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாட்டுத்தாவணி பூ மார்க்கெட் கணக்கர்: கிலோவும் கிராமும் ஒட்டுது. சரியாயிருச்சு. ரேணுகா: போன் நம்பர். வேகத்துல ரெண்டு இலக்கம் கட்டிப்பிடிச்சுக்குது. சரியில்ல. ரேணுகா: போன் நம்பர். இன்னும் சரியில்ல."

அடுத்த வரிக்கு வந்ததும் அவள் சட்டென்று நிறுத்தினாள். நான் ஏற்கெனவே படித்துவிட்டேன். "அண்ணன் செய்தி: வாக்கியம் ரொம்ப நீளம். நடுவுல மூச்சு விட எடம் வைக்கணும். பொறியைத் திருத்துறதா, அண்ணனைத் திருத்துறதா?"

முதலில் சிரித்தது பாண்டி.

என் செய்திகளை நீ படிப்பதில்லை என்று நான் நினைத்திருந்தேன். படித்தேன் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. சோதிப்பதற்காக என்றாலும் படித்திருக்கிறாய். இந்தக் கடிதத்தில் வாக்கியங்களைச் சிறியதாக வைக்க முயல்கிறேன். கவனித்திருப்பாய்.

அன்றே ஃபோல்டர் திருச்சிக்குப் போனது. உன் நண்பர் ஒன்பது நாள் எடுத்துக்கொண்டார். முதலில் அனுப்பியது பேசவே இல்லை. இரண்டாவது பேசியது, ஆனால் வாலை விழுங்கியது. உன்னுடைய ஒரு கோப்பு சேராமல் விட்டுப்போயிருந்ததாம். மூன்றாவதுதான் நேற்று வந்தது.

அதைச் சோதித்த விதத்தைச் சொன்னால் நீ சிரிப்பாய். ரேணுகா தன் அறையில் கணினி முன் உட்கார்ந்தாள். மருத்துவமனையில் இருப்பது போலவே டாக்டர்களின் பெயர், நேரம், டோக்கன் எல்லாம் ஓர் அட்டவணையாக அதில் இருந்தது. அவள் அம்மா அடுப்படியிலிருந்து செல்போனில் நோயாளியாகக் கூப்பிட வேண்டும். அந்த அம்மா வீட்டு மொழியில் மகளிடம் ஏதோ அலுத்துக்கொண்டார். பிறகு போனில் தமிழுக்கு மாறினார்.

"என்னம்மா, எம்புட்டு நேரமா அடிக்கிறேன், எடுக்க மாட்டேங்கிறீங்க?"

"மன்னிக்கணும்மா. சொல்லுங்க, எந்த டாக்டரைப் பாக்கணும்?"

"எலும்பு டாக்டரு. போன வாரம் பாத்தாரு, ஒரு ஊசியும் போடல. அவரு வேணாம். வேற ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா. நாளைக்குக் காலையில பத்தரைக்கு. டோக்கன் பன்னெண்டு. போட்டுரட்டுமா?"

"பத்தரைக்கு எப்படி வர்றது? வீட்டுல சமைக்கிறது யாரு?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கும் இருக்காங்கம்மா."

அந்த அம்மா பேசி வாய் மூடுவதற்குள் ஒவ்வொரு முறையும் பதில் தயாராக இருந்தது. பன்னிரண்டு அழைப்புகள். குழந்தைக்குக் காய்ச்சல், கண்ணில் புரை, தொலைந்துபோன ரிப்போர்ட் என்று அம்மா புதிது புதிதாக நோய்களைக் கொண்டுவந்தார். ரேணுகா ஒரு முறையும் காத்திருக்கச் சொல்லவில்லை. முடிந்ததும் அந்த அம்மா காபியோடு வந்து என்னிடம் சொன்னார்: "இவ எங்கிட்ட இம்புட்டு மரியாதையாப் பேசி நான் கேட்டதே இல்ல தம்பி. தினமும் போன்லயே பேசிக்கலாம் போல."

"எங்க வீட்டு பாஷைக்கு எந்தப் பொறியும் வரலண்ணே. அதுல எனக்கு எப்பவும் அம்மா குரல்தான், வேகத்தைக் குறைக்கவும் முடியாது" என்றாள் ரேணுகா.

இனி, முடியாமல் இருப்பவை.

தொலைபேசி எண்கள் சரியாகவில்லை. நேற்று ரேணுகாவின் அம்மா சொன்ன எண்ணைத் தட்டச்சு செய்து திருப்பிக் கேட்டபோது, இரண்டு இலக்கங்கள் கட்டிப்பிடித்துக்கொண்டன. இரண்டாம் முறை கேட்டுத்தான் சரிபார்த்தாள். எப்படிச் சரிசெய்வதாக இருந்தாய் என்று உன் குறிப்பில் இல்லை. திருச்சி நண்பர் அடுத்த மாதம் உட்கார்ந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். 'மிச்சம்' கோப்பை இப்போது நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். யார் கூப்பிட்டுக் குறை சொன்னாலும் அதில் எழுதுகிறேன். திரையை மூடிவைத்து, மிக மெதுவான வேகத்தில் கேட்டு எழுதப் பழகுகிறேன். ஒரு வரிக்குக் கால் மணி நேரம் ஆகிறது. நான் எரிந்து விழுவேன் என்று அண்ணி அந்தப் பக்கம் வருவதில்லை.

நீ தள்ளிப்போட்டதை நான் செய்துவிட்டேன். உன் திருத்தங்களை அந்தத் தன்னார்வலர் குழுவுக்கு அனுப்பியாயிற்று, எண்களில் குறை இருக்கிறது என்ற குறிப்போடு. கோபித்துக்கொள்ளாதே. குறையைச் சொல்லிவிட்டு வெளியிடலாம், அதுவும் நேர்மைதான். யார் செய்தது என்று போட வேண்டும் என்று கேட்டார்கள். எழுமலை தவமணி என்று எழுதி அனுப்பினேன். பார்த்து முடிக்க மூன்று மாதம் ஆகலாம், அதற்கடுத்த பதிப்பில் சேரக்கூடும் என்று பதில் வந்திருக்கிறது. சேரும் என்று அவர்கள் சொல்லவில்லை, சேரக்கூடும் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

மருத்துவமனையின் கணினிப் பிரிவு சனிக்கிழமை உன் குரலை ரேணுகாவின் கணினியில் ஏற்றித் தருவதாக வாய்ச்சொல்லாகச் சொல்லியிருக்கிறது. எழுத்தில் இன்னும் தரவில்லை.

ஏற்றினால், திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்கு சூப்பர்வைசர் ஒரு மணி நேரம் அவள் பக்கத்தில் உட்காருவார். உண்மையான அழைப்புகள். அதை வைத்துத்தான் இருக்கை அவளுக்கா, வரவேற்பு மேசையா என்று முடிவு செய்வார்கள். அந்த எண்கள்தான் எனக்குப் பயம். அன்று எத்தனை பேர் தொலைபேசி எண் சொல்வார்கள் என்று யாருக்குத் தெரியும்?

நேற்று கிளம்பும்போது ரேணுகா வாசல் வரை வந்தாள்.

"திங்கக்கிழமை நீங்க வரக் கூடாதுண்ணே."

"ஏம்மா?"

"வந்தா பிரஸ் கார்டை எடுப்பீங்க. கார்டைப் பாத்தாங்கன்னா சீட்டைக் குடுத்துருவாங்க. அது உங்க கார்டுக்குக் குடுத்த சீட்டு. நான் என்ன, அதுல உக்காந்து உங்க பேரைச் சொல்லியா லைன் எடுக்குறது?"

"எதிர்த்தாப்ல டீக்கடை இருக்குல்ல. அங்க உக்காந்திருக்கேன்."

"டீக்கடைன்னா சரி. கார்டு வீட்டுல இருக்கட்டும்."

இன்னொன்றும் கேட்டாள். இந்தக் கடிதம் திங்கட்கிழமைக்கு முன்னால் அச்சில் வரக் கூடாது. ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன், அடுத்த ஞாயிறுதான் வரும். ஆகவே இதைப் படிக்கிற நாளில் முடிவு வந்திருக்கும். எழுதுகிற எனக்கும் கேட்கிற உனக்கும் அது தெரியாது. தெரிந்தபின் இதில் ஒரு வரியும் சேர்ப்பதாக இல்லை.

அந்த மருத்துவமனையில் எனக்குத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். உனக்கும் அது தெரியும். ஒருவரையும் கூப்பிட மாட்டேன். கார்டு வீட்டில் இருக்கும். அன்று சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொல்லிவிடுவதாகச் சூப்பர்வைசர் சொல்லியிருக்கிறார். அதுவரை டீக்கடையில் இருப்பேன். அவள் வெளியே வரும்போது தூரத்திலிருந்தே முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்துகொள்ள மாட்டேன். ரோட்டைக் கடந்து போய், அவள் வாயால் சொல்கிறவரை பக்கத்தில் நிற்பேன். இது உனக்குத் தருகிற வாக்கு.

உன் சத்தத்துக்குக் காது கொடுக்க இப்போதுதான் பழகும்
உன் அண்ணன்